"ஸ்டேஷனுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்று சொல்லி அனுப்பினால்

பந்தலூர் தாலுகாவிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"வக்கீல் சாருக்கு வணக்கம். நாங்கள் பஜாரில் சின்னதாக டீக்கடை வைத்திருக்கிறோம். பக்கத்து எஸ்டேட் லைனில் (தொழிலாளர் குடியிருப்பில்) ஒருவரை விடியற்காலையில் யானை அடித்துவிட்டது. பாடியை எடுக்கவிடாமல் சனங்கள் மெயின் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். மத்தியானம் வரைக்கும் அமைதியாகத்தான் இருந்தது. நாலு மணிக்கு மேல் எங்கிருந்தோ கல் வந்து போலீஸ் ஜீப் கண்ணாடி உடைந்தது. உடனே தடியடி. என் கடை ஷட்டர் நசுங்கி, உள்ளே வர்க்கி வைத்திருந்த கண்ணாடி அலமாரி உடைந்துவிட்டது. கல் பட்டதா, லத்தி பட்டதா தெரியவில்லை. என் மகனுக்கு 19 வயது, கல்லூரியில் படிக்கிறான். கடை ஓரம் நின்று போனில் வீடியோ எடுத்தான். அவனுக்கும் முதுகில் அடி. இப்போது 'பெயர் தெரிந்த 12 பேர் மற்றும் பலர்' என்று கேஸ் போட்டிருக்கிறார்களாம். பையனைப் போனோடு ஸ்டேஷனுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லு, சும்மா விசாரணைதான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் அவனைக் கேரளாவில் பத்தேரியில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார். வீடியோவை அழித்துவிடலாமா என்றும் யோசிக்கிறோம். கடை உடைந்ததற்கு மனு கொடுக்கப் போனால் 'அப்புறம் பாக்கலாம்மா' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரில் பாதிப் பேர் போலீஸ் செய்தது சரி என்கிறார்கள். பாதிப் பேர் போலீஸ் வீட்டு ஆட்களோடு பேசவே கூடாது என்கிறார்கள். எங்கள் தெருவிலேயே ஏட்டு ஒருவர் குடியிருக்கிறார். அவர் கையில் கட்டு. அவர் சம்சாரத்தோடு யாரும் பேசுவதில்லை. நான் என்ன செய்யட்டும்? கடையைத் திறக்கலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதம் கிடைத்த அன்றைக்கே அவசரமான சில விஷயங்களைப் போனில் சொல்லிவிட்டேன். முக்கியமாக, பையனைப் பத்தேரிக்கு அனுப்பாதீர்கள், வீடியோவை அழிக்காதீர்கள். உங்களைப் போலவே தவிக்கிறவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் காரணத்தையும் மற்றதையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரரின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த அப்பாவும் மகனும் போலீஸ் பிடியில் அடிபட்டு இறந்தார்கள். 2025 ஜூனில் திருப்புவனம் பக்கத்தில் கோயில் காவலாளி ஒருவர் விசாரணைக்கென்று அழைத்துப்போய் அடிக்கப்பட்டு இறந்தார். இதையெல்லாம் படித்த எந்தத் தாய் தகப்பனும் பிள்ளையைத் தனியாக ஸ்டேஷனுக்கு அனுப்பத் துணியமாட்டார்கள். அனுப்பவும் வேண்டாம். ஆனால் ஒளித்துவைப்பது வேறு. இன்று வரை உங்கள் மகன் வேடிக்கை பார்த்து அடி வாங்கிய ஒரு பையன். எல்லை தாண்டிப் பத்தேரிக்குப் போன மறுநாளே காகிதத்தில் அவன் "தலைமறைவானவன்" ஆகிவிடுவான். நாளைக்கு முன்ஜாமீன் கேட்டு ஊட்டி செஷன்ஸ் கோர்ட்டில் நான் எழுந்து நின்றால், அரசு வக்கீல் முதலில் சொல்லப்போவது அந்த ஒரு வார்த்தையைத்தான். குற்றமே செய்யாதவன் ஏன் ஓடினான் என்ற கேள்விக்குப் பயந்துதான் ஓடினான் என்பது உண்மையான பதில். ஆனால் கோர்ட்டில் அது எடுபட நாளாகும்.

வீடியோவும் அப்படித்தான். திருப்புவனம் விஷயம் வெளியே வந்ததற்கு ஒருவர் மறைந்திருந்து எடுத்த சில விநாடி வீடியோ பெரிய காரணம். உங்கள் மகன் போனில் இருப்பது அவனுக்கே சாட்சி. அவன் கையில் போன் இருந்தது, கல் இல்லை என்று அது சொல்லும். ஒலிபெருக்கியில் கலைந்துபோகச் சொன்னார்களா, சொல்லிவிட்டு எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்பதும் அதில் இருக்கலாம். கூட்டத்தைக் கலையச் சொல்லும் அதிகாரம் தாசில்தார், ஆர்.டி.ஓ. போன்ற நிர்வாக நடுவருக்கும், ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்கும், அவர் இல்லாவிட்டால் எஸ்.ஐ. அளவுக்குக் குறையாத அதிகாரிக்கும் உண்டு. பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 148-வது பிரிவு அது. பொதுவாக முதலில் சொல்ல வேண்டும், கேட்காவிட்டால்தான் பலப்பிரயோகம். அந்த வரிசை நடந்ததா என்று பிற்பாடு யாராவது விசாரித்தால், வாய்ச்சொல்லை நம்பி முடிவு செய்ய முடியாது.

அதனால் வீடியோவை இருக்கிறபடியே வையுங்கள். வெட்ட வேண்டாம், பாட்டுச் சேர்க்க வேண்டாம், வாட்ஸ்அப்பில் அனுப்பவும் வேண்டாம். வாட்ஸ்அப் வழியாகப் போனால் படத்தின் தரமும் குறையும், எப்போது எடுத்தது என்ற விவரமும் போய்விடும். கேபிள் போட்டு ஒரு பென்டிரைவில் முழுசாக நகல் எடுத்து, வீட்டில் இல்லாமல் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும். அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்று மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். கல் எறிந்த பையன் யாரென்று அந்த வீடியோவில் தெரிந்தால்? லைனில் கூட வளர்ந்த பிள்ளையாக இருந்தால்? இதற்கு நான் சுலபமான பதில் சொன்னால் அது பொய்யாகிவிடும். போலீஸ் ஜீப்பில் எறிந்த கல்லும் குற்றம், ஓரமாக நின்றவன் முதுகில் விழுந்த லத்தியும் தவறு. ஒன்றை மறைத்துவிட்டு இன்னொன்றை மட்டும் காட்டினால், காட்டியதையும் யாரும் நம்பமாட்டார்கள். நீங்களாக எடுத்துக்கொண்டுபோய் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம். இதுவரை எந்தக் குற்றமும் செய்யாத உங்கள் மகன் அந்த ஒரு காரியத்தால் குற்றவாளியாகிவிடக் கூடாது.

சரி, ஸ்டேஷன். வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை. சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் பி.என்.எஸ்.எஸ். 179-வது பிரிவில் எழுத்து மூலம் உத்தரவு தர வேண்டும். சந்தேகப்பட்டு விசாரிப்பதென்றால் 35(3)-ல் நோட்டீஸ். அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சொல்ல வந்தவரிடம் மரியாதையாக, "பையன் இங்கேதான் இருக்கான், எங்கேயும் போகலை. நோட்டீஸ் கொடுங்க, வக்கீலோட வர்றோம்" என்று சொல்லுங்கள். சொன்ன தேதியையும் நேரத்தையும் கேட்டவர் யார் என்பதையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். கடைக் கணக்கு எழுதும் நோட்டே போதும். நோட்டீஸ் வந்துவிட்டால் கட்டாயம் போக வேண்டும். போகும்போது வக்கீல் கூட வரட்டும், பகலில் போங்கள். விசாரணையில் அவன் சொல்வதை எழுதிய தாளில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று 181-வது பிரிவு சொல்கிறது. வெற்றுத்தாளில் போடவே கூடாது. போனை எடுத்துக்கொண்டால் மகஜர் எழுதி, எந்தப் போன், என்ன நம்பர் என்று குறித்து நகல் தர வேண்டும். வாங்காமல் வராதீர்கள். பிற்பாடு கோர்ட்டில் மனுப் போட்டுப் போனைத் திரும்பக் கேட்க அந்த ஒரு தாள்தான் கைப்பிடி.

"மற்றும் பலர்" என்பதுதான் ஊர் முழுக்கத் தூக்கத்தைக் கெடுக்கிற வார்த்தை. அதில் யாரை வேண்டுமானாலும் பிற்பாடு சேர்க்கலாம் என்பது உண்மை. கூட்டத்தில் நின்ற எல்லாருமே குற்றவாளி என்பது உண்மை இல்லை. சட்டவிரோதக் கூட்டம் என்றால் ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரு பொது நோக்கத்தோடு கூடியிருக்க வேண்டும், உங்கள் மகனுக்கும் அந்த நோக்கம் இருந்ததாகக் காட்ட வேண்டும். வேடிக்கை பார்க்க நின்றவன் அதில் வரமாட்டான். பெருங்கூட்டத்தில் ஒருவரை அடையாளம் காட்டினால் ஒரே சாட்சியின் சொல்லை வைத்துத் தண்டிப்பதில் எச்சரிக்கை வேண்டும் என்று மசால்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1964-லேயே சொல்லிவிட்டது. முதலில் எஃப்.ஐ.ஆரைப் பாருங்கள். 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016-ல் வந்த தீர்ப்பு. நம் மலை மாதிரி நெட்வொர்க் கிடைக்காத இடங்களுக்கு 72 மணி நேரம் வரை அவகாசம். அதற்குள் பெரும்பாலும் வந்திருக்கும். என்னென்ன பிரிவு என்று பார்க்காமல் யாரும் தைரியமும் சொல்லக் கூடாது, பயமும் காட்டக் கூடாது. சாலையை மறித்தது மட்டும் என்றால் சின்ன விஷயம். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கியது, பொதுச்சொத்துச் சேதம் என்றெல்லாம் இருந்தால் கோர்ட்டில் கேட்டு வாங்கினால்தான் ஜாமீன் கிடைக்கும் பிரிவுகள் அவை. மகன் பெயர் அதில் இருந்தாலோ சேர்ப்பார்கள் போலத் தெரிந்தாலோ அன்றைக்கே முன்ஜாமீனுக்குப் போக வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்காதீர்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. நீங்கள் புகார்தாரராகப் போனால் அந்தச் சலுகை உங்களுக்கே கிடைக்கும். பையன் தன் வழக்குக்குக் கேட்டால் வருமானச் சான்று கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலே வழி சொல்வார்கள்.

முதுகில் பட்ட அடியைப் பற்றிக் கடிதத்தில் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் பதறியது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு லாரி டிரைவர் என்னிடம் வந்தார். இதே மாதிரி ஒரு மறியலில் அடி. முன்கை எலும்பு விண்டிருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் பார்த்தேன், "கீழே விழுந்ததாகக் கூறுகிறார்" என்று இருந்தது. ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "வெளியே வராண்டாவில் போலீஸ் நின்னாங்க சார், என்னத்தச் சொல்ல" என்றார். அந்த ஒரு வரியைத் தாண்டி அவருடைய வழக்கை என்னால் கடைசிவரை நகர்த்த முடியவில்லை. இன்றைக்கும் அந்தக் கையை அவர் முழுசாக மடக்க மாட்டார்.

அதனால் சொல்கிறேன், இன்னும் போகவில்லை என்றால் உடனே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆரில், நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லுங்கள்: இந்தத் தேதி, இத்தனை மணி, இந்த இடத்தில், போலீஸ் லத்தியால் முதுகில் அடித்தார்கள். ஏ.ஆர். நகல் கேட்டு வாங்குங்கள். லத்தி அடிக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. கம்பு பட்ட இடம் நடுவில் வெளுத்து, இரண்டு ஓரத்திலும் தண்டவாளம் மாதிரி இணையாக இரண்டு சிவப்புக் கோடு விழும். தடுக்கி விழுந்தால் அப்படி விழாது, கல் பட்டாலும் விழாது. டாக்டர்களுக்கு அது பாடப்புத்தகத்தில் படித்த விஷயம். ஆனால் நாள் ஆக ஆகக் கோடு கலைந்து, நீலம் பாய்ந்து, மஞ்சளாகி மறைந்துவிடும். போனில் நான் சொன்னதும் பகல் வெளிச்சத்தில் ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தீர்களே, அந்தப் படத்தைப் பத்திரமாக வையுங்கள்.

கடை விஷயத்தில் யார் உடைத்தது என்று தெரியாமல் மனு கொடுக்கலாமா என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கிறது. கொடுக்கலாம். உடைத்தவர் பெயர் தெரிய வேண்டியதே இல்லை. பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு ஷட்டரை இழுத்தீர்கள், எப்போது சத்தம் கேட்டது, மறுபடி திறந்தபோது என்ன உடைந்திருந்தது. ஊகம் வேண்டாம். வாங்கிக்கொண்டால், மனு வந்ததற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். வாங்க மறுத்தால் அதே மனுவை ஊட்டியில் இருக்கும் எஸ்.பி. அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். தபால் ரசீதை மனு நகலோடு பின் அடித்து வையுங்கள். பி.என்.எஸ்.எஸ். 173(4)-வது பிரிவு அந்த வழியைத் தருகிறது. அதற்கும் அசைவில்லை என்றால் நடுவர் நீதிமன்றம் இருக்கிறது. கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-ல் ஐந்து நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. கடைக்கு பேங்க் லோன் இருந்தால் இன்சூரன்ஸும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சிறுகடைகளுக்கான பாலிசியில் கலவரச் சேதம் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும்.

பஜாரில் யார் யார் கடையில் கேமரா இருக்கிறது என்றும் பாருங்கள். பழைய பதிவு சில வாரத்தில் தானாக அழிந்து அதன் மேலேயே புதுசு ஏறிவிடும். மெடிக்கல் ஷாப்காரரிடமோ நகைக்கடைக்காரரிடமோ இன்றைக்கே பேசி, அந்த ஒரு நாள் பதிவை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். போலீஸ் செய்தது சரி என்று சொல்கிறவராக இருந்தாலும் கேளுங்கள். அவருக்கும் அது வேண்டியதுதான்.

மகனை அடித்ததற்குப் புகார் கொடுப்பதா என்பதை நீங்களும் அவனும் நிதானமாக முடிவு செய்யுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுத ஒரு வருடம் வரை நேரம் இருக்கிறது. கோபத்தில் நாளைக்கே எழுதவும் வேண்டாம், பயத்தில் ஒரேயடியாக விட்டுவிடவும் வேண்டாம். கையில் ஏ.ஆர். நகல், படம், வீடியோ மூன்றும் இருந்தால் ஆறு மாதம் கழித்துக்கூட நிமிர்ந்து நின்று கேட்கலாம்.

இனி ஊர் விஷயம். இதில் வக்கீலாக இல்லாமல் இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவனாகப் பேசுகிறேன்.

2024 ஜனவரியில் பந்தலூரில் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றபோது சனங்கள் ரோட்டில் இறங்கினார்கள். அதற்கு முன்பும் பின்பும் யானைச் சாவுகளுக்காக எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறார்கள். அகழி வெட்டு, சோலார் வேலி போடு, தெருவிளக்குப் போடு, இழப்பீடு கொடு என்று கேட்பதெல்லாம் வனத்துறையிடமும் வருவாய்த்துறையிடமும். ஆனால் அந்த நேரத்தில் சனங்களுக்கு முன்னால் நிற்பது காக்கிச் சட்டை போட்டவர்கள். பேச வேண்டியவர்கள் காலையிலேயே வந்து பேசியிருந்தால் சாயங்காலம் நாலு மணி வரைக்கும் அந்த உடல் ரோட்டில் கிடந்திருக்காது. பசியும் வெயிலும் சேர்ந்த கூட்டமும், விடியற்காலையிலிருந்து நின்று சலித்த போலீஸும் எதிரெதிரே நின்றால் ஒரு கல் போதும். இதைச் சொல்வது லத்தி எடுத்தவரைக் காப்பாற்ற இல்லை. எந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பது தெளிவாக வேண்டும் என்றுதான்.

பஜாரில் கடை வைத்திருப்பவர் "இன்னும் நாலு போடு போட்டிருக்கணும்" என்கிறார். லைனில் இருப்பவர் "அன்னிக்குக் கடையைத் திறந்துவெச்சவன் எல்லாம் துரோகி" என்கிறார். இரண்டு பேருமே அன்றைக்குப் பயந்துபோயிருந்தார்கள். நம் பக்கத்தில் இந்தப் பேச்சு சீக்கிரம் வேறு மாதிரி திரும்பிவிடும். சிலோனிலிருந்து வந்தவர்கள், மலையாளம் பேசுகிறவர்கள், பணியர் பாடி, குறும்பர் பாடி (பழங்குடிக் குடியிருப்புகள்) என்று ஆள் பார்த்துப் பெயர் சொல்ல ஆரம்பிப்பார்கள். அப்படி ஒரு குரல் பதிவு உங்கள் போனுக்கு வந்தால் அதை யாருக்கும் தள்ளிவிடாதீர்கள். டீக்கடையில் எல்லாப் பேச்சும் உங்கள் காதுக்கு வரும். "நீ பார்த்தியா, யாரோ சொன்னாங்களா?" என்று மட்டும் கேளுங்கள். முக்கால்வாசிக் கதை அந்தக் கேள்வியிலேயே நின்றுவிடும்.

ஏட்டு வீட்டுக்கு நீங்கள் போங்கள். கேஸைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். அவரிடம் சிபாரிசு கேட்கவும் வேண்டாம், அது அவரையும் சங்கடத்தில் விடும், உங்கள் பக்கத்தையும் கெடுக்கும். "அண்ணன் கை இப்ப எப்படி இருக்கு?" என்று அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு வாருங்கள். அவர் மேல் பட்ட கல்லும் யாரோ எறிந்ததுதான். நாளைக்கு உங்கள் மகனுக்காக நீங்கள் ஆணையத்துக்கே எழுதினாலும் அந்த வீட்டு வாசலில் நின்று நலம் விசாரிக்க உங்களுக்குக் கூச்சம் வர வேண்டியதில்லை. அவன் முதுகில் லத்தியை இறக்கிய கை அந்த ஏட்டுடையதா என்று யாருக்கும் தெரியாது. தெரிகிற வரைக்கும் அவர் உங்கள் தெருக்காரர். அந்த அம்மா தண்ணீர்க் குழாயில் உங்களோடு குடம் வைத்தவர்.

கடையைத் திறங்கள். ஷட்டரைத் தட்டி நிமிர்த்துவதற்கு முன்னால் அந்தப் பள்ளத்தை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கல் ஏதாவது கிடந்தால் ஒரு பையில் போட்டுக் கட்டி, யார் பார்க்க எடுத்தீர்கள் என்று நோட்டில் எழுதிவையுங்கள். உடைந்த கண்ணாடியைக் கூட்டுவதற்கு முன்பும் ஒரு படம். அப்புறம் அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றுங்கள். லைன்காரர்கள் வந்தாலும், ஸ்டேஷன்காரர்கள் வந்தாலும் டீ கொடுங்கள். நோட்டீஸ் வந்தால் எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய்யுங்கள்.